ஏறிப் பார்த்த பேராசிரியர் விக்டர் ஹெஸ்



சென்ற ஞாயிறு ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் என்னைத் தேடி வந்தான். விண்வெளி நிலையத்தின் படம் ஒன்றைப் பார்த்தானாம். மனிதர் குடியிருக்கும் அறைகளுக்கு வெளியே, இரும்புச் சட்டத்தின்மேல், பெரிய பெட்டி போன்ற ஒரு கருவி இருந்ததாம். அது ஆகாயத்திலிருந்து வரும் கதிர்களை எண்ணுகிறது என்று படத்தின் கீழே அச்சிட்டிருந்ததாம். எண்ணுவதற்கு அவ்வளவு உயரம் போவானேன், கீழேயே எண்ணினால் ஆகாதா என்பது அவன் கேள்வி. ஞானஸ்நானத்துக்கு ஒரு குடும்பம் காத்திருந்தபடியால், பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். அந்தப் பதில் ஒரு மனிதருடைய வாழ்க்கைக்குள் இருக்கிறது.

ஆஸ்திரியா தேசத்தில் ஸ்டைரியா என்னும் மலைநாடு உண்டு. அங்கே வால்ட்ஸ்டைன் கோட்டையில், 1883-ம் ஆண்டு ஜூன் மாதம் 24-ந் தேதி, அர்ச். ஸ்நாபக அருளப்பரின் திருநாளன்று, விக்டர் பிரான்ஸ் ஹெஸ் பிறந்தார். கோட்டை என்றதும் பிரபு வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டை ஒரு சிற்றரசருடையது; ஹெஸ்ஸின் தகப்பனார் அந்தச் சிற்றரசரின் காடுகளைக் கண்காணிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளை கிராட்ஸ் நகரில் பள்ளியிலும் சர்வகலாசாலையிலும் படித்து, 1906-ல் பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஒளியைப் பற்றி ஆராய வேண்டுமென்பது அவருடைய ஆசை. அதற்காகப் பெர்லினில் புகழ்பெற்ற பேராசிரியர் பால் துரூதேயிடம் சேர ஏற்பாடாகியிருந்தது. புறப்படச் சில வாரங்கள் இருக்கையில் அந்தப் பேராசிரியர் இறந்துபோனார். வேறு வழியின்றி ஹெஸ் வியன்னாவுக்குப் போனார். அங்கே அக்காலத்தில் புதிதாக இருந்த ரேடியம் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1910 முதல் வியன்னாவின் ரேடியம் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் வேலை. கூடவே கால்நடை வைத்தியக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பௌதிகப் பாடமும் நடத்தினார். மாட்டு வைத்தியம் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அந்த ஆசிரியர்தாம் பிற்பாடு நோபல் பரிசு பெற்றார்.

இனி அவர் கையில் எடுத்த புதிரைச் சொல்லுகிறேன். பள்ளியில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு மின்காட்டி தெரியும். ஒரு பாத்திரத்துக்குள் இரண்டு மெல்லிய தகடுகள் தொங்கும். மின்சாரம் ஊட்டினால் அவை ஒன்றையொன்று வெறுத்து விலகி நிற்கும். மின்சாரம் கசியக் கசியத் திரும்ப ஒன்றுசேரும். ரேடியம் போன்ற பொருளை அருகில் வைத்தால், அதன் கதிர்கள் பாத்திரத்துக்குள் இருக்கும் காற்றின் அணுக்களை உடைப்பதால் மின்சாரம் விரைவாகக் கசிந்துவிடும். இதுவரை தகராறில்லை. ஆனால் ரேடியமே இல்லாத இடத்தில், காற்றுப் புகாமல் மூடிய பாத்திரத்தில்கூட, மின்சாரம் கொஞ்சங் கொஞ்சமாய்க் கசிந்துகொண்டே இருந்தது. பாத்திரத்தை ஈயத்தால் சுற்றினால் கசிவு குறைந்தது, முற்றும் நிற்கவில்லை. ஏதோ ஒரு கதிர் வெளியேயிருந்து உள்ளே வருகிறது என்று தெரிந்தது. எங்கேயிருந்து?

மண்ணிலிருந்து என்று பெரும்பாலான அறிஞர்கள் சொன்னார்கள். பாறையிலும் மண்ணிலும் ரேடியம் சொற்பமாகக் கலந்திருக்கிறது. அதன் கதிர்தான் இது என்றார்கள். புத்திக்குப் பொருத்தமான பதில்தான். அது சரியானால், தரையை விட்டு மேலே போகப் போகக் கசிவு குறைய வேண்டும்.

இதைப் பரீட்சிக்க முயன்றவர்களுள் ஒருவர் சேசு சபைக் குருவானவர். தியோடோர் வுல்ஃப் என்பது அவர் பெயர். ஹாலந்தில் வால்கன்பர்க் ஊரில் இருந்த சேசு சபைக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். கைவேலையில் மிகச் சமர்த்தர். தகடுகளுக்குப் பதிலாக உலோகம் பூசிய இரண்டு மெல்லிய படிக இழைகளை வைத்து, எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய உறுதியான மின்காட்டி ஒன்றைச் செய்தார். 1910-ல் உயிர்த்த ஞாயிறை அடுத்த வாரத்தில் அதை எடுத்துக்கொண்டு பாரிஸ் நகருக்குப் போய், 300 மீட்டர் உயரமுள்ள ஈஃபெல் கோபுரத்தின் உச்சியில் அளந்தார். கசிவு குறையத்தான் குறைந்தது. ஆனால் கணக்குப்படி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டியது, பாதிக்குச் சற்று அதிகமாகவே மிஞ்சி நின்றது. சுவாமியார் தாம் கண்ட எண்ணை அப்படியே அச்சிட்டார். அது அவருக்கே விளங்காத எண்.

இத்தாலியில் தொமெனிக்கோ பாச்சினி என்பவர் கருவியைக் கடல்நீருக்குள் இறக்கிப் பார்த்தார். நீருக்கடியில் கசிவு குறைந்தது. எல்லாம் மண்ணிலிருந்து வருவதானால் இது நடவாதே என்று அவரும் எழுதினார். ஸ்விட்சர்லாந்தில் கோக்கல் என்பவர் பலூனில் ஏறினார். அவருடைய முடிவுகளும் தெளிவாக இல்லை. இந்த நிலையில்தான் ஹெஸ் புதிருக்குள் நுழைகிறார்.

அவர் செய்த முதல் வேலை பலூனில் ஏறியது அல்ல. வியன்னாவில் பலமான ரேடியத்தை ஓரிடத்தில் வைத்து, கருவியைத் தூரத் தூரமாக நகர்த்தி, ரேடியத்தின் கதிரைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று பொறுமையாக அளந்தார். அந்தக் கணக்கின்படி, தரையிலிருந்து வரும் கதிர் சுமார் 500 மீட்டர் உயரத்தில் அநேகமாய் அடங்கிவிட வேண்டும். இனி மேலே போய்ப் பார்க்க வேண்டியதுதான். உயரத்தின் குளிருக்கும் காற்றழுத்தக் குறைவுக்கும் தாங்கும்படி வுல்ஃப் சுவாமியாரின் கருவியைச் சுவர் தடித்ததாகச் செய்வித்துக்கொண்டார்.

1911-ல் இரண்டு முறை, 1912-ல் ஏழு முறை, 1913-ல் ஒரு முறை, ஆகப் பத்து முறை அவர் பலூனில் ஏறினார். இரவிலும் ஏறினார். 1912 ஏப்ரல் 17-ந் தேதி சூரிய கிரகணத்தின்போதும் ஏறினார். சூரியன் பெரும்பாலும் மறைந்திருந்தும் கசிவு குறையவில்லை. ஆகவே அந்தக் கதிர் சூரியனிலிருந்து வருவதல்ல என்று கண்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதிப் பயணத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பொகீமியா நாட்டில் எல்பே நதிக்கரையில் அவுசிக் என்ற ஊர். இப்போது செக் நாட்டில் ஊஸ்தி என்று பெயர். காலை ஆறேகால் மணிக்குப் பலூன் கிளம்பிற்று. கூடையில் மூன்று பேர். பலூனை நடத்துபவர் ஒருவர், வானிலை பார்ப்பவர் ஒருவர், மூன்று மின்காட்டிகளோடு ஹெஸ் ஒருவர். தலைக்குமேல் இருந்தது ஹைட்ரஜன் வாயு. ஒரு பொறி பட்டால் எல்லாம் முடிந்துவிடும். 5,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து மூச்சுத் திணறும், தலை சுற்றும். அந்த நிலையில் இழைகளுக்கிடையே உள்ள தூரத்தைச் சிறு கண்ணாடி வழியே பார்த்து, நேரம் குறித்து, எண்களை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கருவி தப்பாகக் காட்டினாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்றுதான் மூன்று எடுத்துப் போனார்.

முதல் ஆயிரம் மீட்டர் வரையில் கசிவு சற்றே குறைந்தது. தரையின் கதிர் குறைகிறது, எதிர்பார்த்ததுதான். அதற்குமேல் கூட ஆரம்பித்தது. 1,500 மீட்டரில் தரையில் இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது. இன்னும் ஏற ஏற இன்னும் கூடியது. பலூன் அன்று தொட்ட உச்சம் சுமார் 5,300 மீட்டர். அந்த உயரங்களில் கசிவு தரையில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நண்பகலுக்குச் சற்றுப் பின், பெர்லினுக்கு அருகே பீஸ்கோ என்னும் கிராமத்தில் இறங்கினார்கள்.

கீழேயிருந்து வருவதானால் மேலே போகப் போகக் குறைய வேண்டும். கூடுகிறதென்றால் அது மேலேயிருந்து வருகிறது. காற்று மண்டலத்துக்கும் அப்பாலிருந்து, ஊடுருவும் வல்லமை மிகப் பெற்ற ஏதோ ஒன்று பூமியின்மேல் பொழிந்துகொண்டிருக்கிறது. நவம்பரில் ஹெஸ் இதை வெளியிட்டபோது, அந்தப் பெரிய முடிவை ஆரவாரமில்லாமல், அட்டவணைக்குப் பின் சில வாக்கியங்களில் எழுதினார்.

உலகம் உடனே நம்பிற்றா? இல்லை. ஜெர்மானியர் கோல்ஹோர்ஸ்டர் 9,000 மீட்டருக்கு மேல் ஏறி, கசிவு இன்னும் பல மடங்கு கூடுவதைக் கண்டார். அதற்குள் 1914-ல் முதல் மகாயுத்தம் வந்துவிட்டது. யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் மில்லிக்கன் என்ற பேரறிஞர் முதலில் ஹெஸ்ஸின் முடிவைச் சந்தேகித்தார். பிறகு மலை ஏரிகளில் கருவிகளை இறக்கித் தாமே பரிசோதித்து, 1925-ல் ஒத்துக்கொண்டார். காஸ்மிக் கதிர்கள் என்ற பெயரை வைத்தவர் அவர். அமெரிக்கப் பத்திரிகைகள் அவற்றை மில்லிக்கன் கதிர்கள் என்றே அழைக்கத் தொடங்கின. பலூனில் ஏறியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். ஹெஸ் இதற்கு மறுப்பு எழுதினார். அதோடு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

1920-ல் அவருக்குத் திருமணமாயிற்று. மனைவியின் பெயர் பெர்த்தா. சில காலம் அமெரிக்காவில் ரேடியம் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிசாலையை நடத்திவிட்டு, மீண்டும் கிராட்ஸ் வந்து பேராசிரியரானார். 1931-ல் இன்ஸ்புருக் நகருக்குப் போய், ஹாஃபலேக்கார் மலையில் 2,300 மீட்டர் உயரத்தில் காஸ்மிக் கதிர்களை இடைவிடாமல் அளக்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார். நம் உதகமண்டலத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. உதகையிலும் அதே காரணத்துக்காக டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு காஸ்மிக் கதிர் கூடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

ரேடியத்தோடு பழகியதற்கு அவர் தம் உடலால் கடன் கொடுத்தார். 1934-ல் ரேடியத்தால் வெந்துபோன கட்டைவிரலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. தொண்டையிலும் சிகிச்சை நடந்தது. வகுப்பில் பேசிப் பிழைக்கும் மனிதருக்கு அது சிறு துன்பமல்ல.

1936-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வந்தது. பலூன் பயணம் முடிந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. பரிசின் மறுபாதி கார்ல் ஆண்டர்சன் என்ற அமெரிக்க வாலிபருக்கு. காஸ்மிக் கதிர்களைப் படம் பிடிக்கும்போது பாசிட்ரான் என்னும் புதிய துகளைக் கண்டுபிடித்தவர் அவர். எலெக்ட்ரானுக்கு நேர் எதிரான மின்சாரம் உடைய இரட்டைப் பிள்ளை அது. இந்தப் பாசிட்ரானை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

பரிசு வந்து இரண்டு ஆண்டுகூட நிம்மதியாகக் கழியவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் நுழைந்தது. ஹெஸ் அப்போது மீண்டும் கிராட்ஸில் இருந்தார். அவர் வெளிப்படையான கத்தோலிக்கர். வீழ்ந்த அரசாங்கத்தின் கலாசார சபையில் விஞ்ஞானத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். அவருடைய மனைவியோ யூத வம்சத்தில் பிறந்தவர். இந்த மூன்றில் ஒன்றே போதும் அந்நாளில் ஒரு மனிதனை அழிக்க. கொஞ்ச காலம் சிறையில் வைத்தார்கள்; வேலையைப் பறித்தார்கள்; ஓய்வூதியமும் இல்லை. நோபல் பரிசுப் பணத்தை ஜெர்மன் அரசாங்கப் பத்திரங்களாக மாற்றும்படி செய்தார்கள். அதே கிராட்ஸ் சர்வகலாசாலையில் இருந்த வைத்திய விஞ்ஞானி ஆட்டோ லோவியும் அதே 1936-ல் நோபல் பரிசு பெற்றவர்; அவரையும் சிறையிலிட்டுப் பரிசுப் பணத்தைப் பிடுங்கினார்கள். அங்கேயே இருந்த மற்றொரு நோபல் பரிசுக்காரர் ஷ்ரோடிங்கரும் பதவியிழந்து தேசத்தை விட்டுப் போனார். ஒரு சிறு நகரத்துச் சர்வகலாசாலை ஒரே ஆண்டில் இப்படி மூவரை இழந்தது.

ஹெஸ்ஸையும் மனைவியையும் பிடித்துப்போகக் கட்டளை வரப்போகிறது என்று, அவர்களிடம் இரக்கங்கொண்ட ஒரு ரகசியப் போலீஸ்காரரே முன்னதாகச் சொல்லிவிட்டார். இருவரும் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். குடும்பஸ்தர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 55 வயது. வீடு, வேலை, சேமிப்பு, பாஷை எல்லாம் போயிற்று. மனைவியை விட்டு விலகி வேலையைக் காப்பாற்றிக்கொண்ட உத்தியோகஸ்தர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஹெஸ் விலகவில்லை.

அவருக்கு இடங்கொடுத்தது நியூயார்க்கில் உள்ள ஃபோர்தம் சர்வகலாசாலை. அது சேசு சபையாருடையது. சேசு சபைக் குரு ஒருவர் செய்த கருவியோடு வானத்தில் ஏறியவர், நாடிழந்தபோது சேசு சபையாரின் வீட்டில் வந்து சேர்ந்தார். 1944-ல் அமெரிக்கப் பிரஜையானார். ஓயாமல் அளந்துகொண்டே இருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபின், அதன் தூசி அமெரிக்கக் காற்றிலும் வந்து விழுகிறதா என்று சேசு சபைக் குரு ஒருவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 87-ம் மாடியில் ஏறி அளந்தார். நகரத்தின் சுரங்க ரயில் நிலையத்தில் பாறைக்கடியில் இறங்கி அளந்தார். ரேடியம் உட்புகுந்த தொழிலாளரின் உடலில் அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறையும் வகுத்தார். அணுகுண்டுப் பரிசோதனைகளை எதிர்த்தார். மனித உடல் கதிரை எவ்வளவு தாங்கும் என்பது நமக்குச் சரியாகத் தெரியாது என்பது அவர் வாதம். விரலை இழந்தவர் சொன்ன வாதம் அது.

1946-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தம் விசுவாசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். விஞ்ஞானியாக இருப்பதும் கடவுளை நம்புவதும் ஒன்றுக்கொன்று விரோதமென்று தம் ஆராய்ச்சியில் தாம் எங்கும் காணவில்லை என்பது அதன் கருத்து. நம்மவர் சிலர் இதற்கும் ஒரு படி மேலே போய், இந்தக் கதிர்களைக் கொண்டே கடவுளை நிரூபித்துவிட்டதாகப் பேசுவார்கள். அப்படிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்காட்டி காட்டியது கதிரை மட்டுந்தான்.

1955-ல் பெர்த்தா அம்மாள் புற்றுநோயால் இறந்தார். கடைசி நாட்களில் அவரைப் பேணிய தாதி எலிசபெத்தை ஹெஸ் அவ்வாண்டின் இறுதியில் மணந்துகொண்டார்.

இப்போது சிறுவனின் கேள்விக்கு வருவோம். நம் தலைக்குமேலுள்ள காற்று ஒரு பெரிய கவசம். வெளியிலிருந்து வரும் துகள் அந்தக் காற்றில் மோதிச் சிதறிவிடுகிறது. நம்மிடம் வந்து சேர்வது சிதறிய துண்டுகள்தாம். உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஒன்றிரண்டு அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். திருவிழா மறுநாள் கோயில் வாசலில் கிடக்கும் வெடிக் காகிதத் துண்டுகளைப் பார்த்து, என்ன வெடி என்று ஒருவாறு ஊகிக்கலாம். வெடியையே பார்க்க வேண்டுமானால் வெடிக்குமுன் போக வேண்டும். அதற்காகத்தான் காற்றுக்கு வெளியே, பூமியைச் சுற்றும் பாதைக்கு, கருவியை அனுப்புகிறார்கள்.

ஹெஸ் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். 1957 நவம்பரில் ருஷ்யாவின் இரண்டாம் ஸ்புட்னிக் காஸ்மிக் கதிர் எண்ணும் கருவிகளைச் சுமந்து சென்றது. 1958 ஜனவரி 31-ந் தேதி அமெரிக்காவின் முதல் துணைக்கோள் எக்ஸ்புளோரர் கிளம்பியது. எடை 14 கிலோ. அதில் அயோவா சர்வகலாசாலையின் வான் ஆலன் வைத்த கைகர் எண்ணுமானி இருந்தது. பூமியிலிருந்து அதன் தூரம் 358 கிலோமீட்டருக்கும் 2,550 கிலோமீட்டருக்கும் இடையே மாறிக்கொண்டிருந்தது. தாழ்ந்து வரும்போது விநாடிக்கு 30 துகள் என்ற அளவில் ஒழுங்காக எண்ணியது. உயரத்துக்குப் போனதும் பூச்சியம் காட்டியது! வானத்தில் கதிரே இல்லாத இடம் உண்டா? கருவி கெட்டுவிட்டதா?

இரண்டுமல்ல. திருவிழாவில் வாசலில் நின்று ஒவ்வொருவராய் எண்ணுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். திடீரென ஆயிரம் பேர் நெருக்கித் தள்ளினால் அவனால் கையைக்கூடத் தூக்க முடியாது. கணக்கில் ஒன்றும் ஏறாது. எண்ணுமானிக்கும் அதுவே நேர்ந்தது. ஒவ்வொரு துகளுக்குப் பிறகும் அது மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். துகள்கள் அளவு கடந்து வந்ததால் அது திணறி மௌனமாகிவிட்டது. மார்ச்சில் போன எக்ஸ்புளோரர் மூன்றில் பதிவு நாடா இருந்தது. சுற்று முழுவதற்கும் கணக்குக் கிடைத்தது. தரையில் அதே வகைக் கருவிமேல் பலமான எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பார்த்தபோது அதுவும் பூச்சியம் காட்டிற்று. பூமியின் காந்தத்தில் சிக்கிய துகள்கள் வளையம்போல் பூமியைச் சூழ்ந்திருப்பது இப்படித்தான் தெரிய வந்தது. வான் ஆலன் வளையம் என்று பெயர். அந்த ஆண்டு ஹெஸ்ஸுக்கு 75 வயது.

1964 டிசம்பர் 17-ந் தேதி, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு எட்டு நாள் முன்னதாக, நியூயார்க்குக்கு அருகே மவுண்ட் வெர்னன் ஊரில் விக்டர் ஹெஸ் காலமானார். நடுக்குவாத நோய் அவரைப் பல நாள் வருத்தியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

சிறுவன் படத்தில் பார்த்த பெட்டி 2011 மே மாதத்தில் விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டது. ஏழரை டன் எடை. சாமுவேல் டிங் என்ற நோபல் பரிசு விஞ்ஞானி அதன் தலைவர். அதன் நடுவில் ஒரு பெரிய காந்தம். உள்ளே வரும் துகளின் பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, எலெக்ட்ரானா, ஆண்டர்சன் கண்ட பாசிட்ரானா என்று பிரித்துவிடுகிறது. பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில், பத்தாயிரங்கோடிக்கும் அதிகமான துகள்களை எண்ணியாயிற்று. பாசிட்ரான்கள் பழைய கணக்குக்கு அடங்காமல் அதிகமாக வருகின்றன. ஏன் என்பதற்கு ஒரு கட்சி ஒன்று சொல்கிறது, மறு கட்சி வேறு சொல்கிறது, தீர்ப்பு வரவில்லை.

அந்தக் கருவியைக் குளிர்விக்கும் பம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. விண்வெளியில் பழுதுபார்ப்பதற்கென்று செய்த கருவியல்ல அது. ஆகவே 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை, இத்தாலியர் பார்மித்தானோவும் அமெரிக்கர் மோர்கனும் நான்கு முறை நிலையத்துக்கு வெளியே போய், தடித்த கையுறை போட்ட கையால், மெல்லிய எஃகுக் குழாய்களை அறுத்துப் புதிய பம்புகளோடு இணைத்தார்கள். கடைசி முறை ஒரு குழாயில் கசிவு கண்டு, அதையும் இறுக்கிவிட்டே உள்ளே வந்தார்கள். கருவி மறுபடி எண்ணத் தொடங்கிற்று.